பால்டிமோரில் உண்மையான துறைமுகத்தைப் பார்க்க எங்கே போய் நிற்க வேண்டும்?

முத்துநகரான்:

எல்லோருக்கும் வணக்கம். மகளுக்கு பால்டிமோரில், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி வேலை. நானும் வீட்டம்மாவும் ஏப்ரல் கடைசியில் வந்து மூன்று மாதம் இருக்கப் போகிறோம். எங்கெங்கே கூட்டிப் போவது என்று மகள் இப்போதே எழுதி அனுப்பிவிட்டாள்: வாஷிங்டன், நியூயார்க், நயாகரா. எல்லாம் நல்லதுதான். ஆனால் எனக்கு அந்த ஊரிலேயே ஒன்று பார்க்க வேண்டும். துறைமுகம்.

நான் தூத்துக்குடித் துறைமுகத்தில் 31 வருடம் டேலி கிளார்க்காக இருந்தவன். கப்பலில் ஏறுவதையும் இறங்குவதையும் எண்ணி எழுதுவதுதான் வேலை. மூட்டை, மரத்தடி, கண்டெய்னர் எல்லாம் எண்ணியாயிற்று. ரிட்டையர் ஆகி ஆறு வருடம் ஆகியும், கடற்கரைப் பக்கம் போனால் கண் தானாக எண்ணத் தொடங்கிவிடுகிறது. 2024இல் அந்த ஊர்ப் பாலத்தை இடித்த கப்பலின் பெயர் டாலி என்று செய்தியில் வந்தபோது, "உங்க பேர்ல ஒரு கப்பல் போய் இடிச்சிருக்கு" என்று வீட்டில் ஒரு வாரம் கேலி ஓடியது.

போன வாரம் மகள் இன்னர் ஹார்பர் என்ற இடத்திலிருந்து வீடியோ காலில் காட்டினாள். தண்ணீர் இருக்கிறது. பழைய பாய்மரக் கப்பல் ஒன்று நிற்கிறது. ஜனங்கள் ஐஸ்கிரீம் சாப்பிட்டபடி நடக்கிறார்கள். கிரேன் ஒன்றுகூடக் காணோம், ஒரு லாரி இல்லை. "இதுதான்பா துறைமுகம்" என்கிறாள். எனக்கு நம்பிக்கை வரவில்லை.

அப்புறம் வரைபடத்தில் பார்த்தால் ஊர் கடலை விட்டு வெகுதூரம் உள்ளே கிடக்கிறது. இதை எப்படித் துறைமுகம் என்கிறார்கள்? பாலம் விழுந்த பிறகு தொழில் எல்லாம் போய்விட்டதா? வேலை நடக்கிற துறைமுகத்தை வெளியாள் ஒருவன் நின்று பார்க்க ஏதாவது இடம் உண்டா? அங்கேயே இருப்பவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும். முழங்கால் கொஞ்சம் மக்கர் பண்ணும், அதையும் கணக்கில் வைத்துச் சொல்லுங்கள்.

கரையேறியவன்:

அண்ணாச்சி, உங்கள் சந்தேகம் நியாயமானது. மகள் காட்டியது துறைமுகத்தின் பழைய முகவரி. குடியிருந்தவர் காலி பண்ணிப் போய் வெகுகாலம் ஆகிறது.

எனக்குத் திருச்செந்தூர்ப் பக்கம். பதினாறு வருடம் கப்பலில் எஞ்சின் ரூம், பிறகு கல்யாணம், கரை. இப்போது பால்டிமோரை ஒட்டி டண்டாக் என்ற இடத்தில் இருந்துகொண்டு ஆஸ்பத்திரிகளுக்கும் பெரிய கட்டிடங்களுக்கும் டீசல் ஜெனரேட்டர் பழுது பார்க்கிறேன். இந்த ஊரை முதலில் பார்த்ததே நிலக்கரி ஏற்ற வந்த கப்பலில் இருந்துதான். அதனால் கொஞ்சம் நீட்டி எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கடல் எங்கே என்று கேட்டீர்களே. நார்ஃபோக் பக்கம் செசபீக் விரிகுடாவின் வாயில், கப்பலுக்கு வழி காட்டும் பைலட் ஏறுவார். அங்கிருந்து வடக்கே சுமார் 150 மைல். அரை நாள் ஓட்டம், அதுவரை எஞ்சின் ரூமில் யாரும் அசைய முடியாது. "இவ்வளவு உள்ளே வந்து எவன்டா துறைமுகம் கட்டினான்" என்று முதல் தடவை வாய்விட்டே திட்டினேன். காரணம் கரையேறிய பிறகுதான் புரிந்தது. சரக்கு தண்ணீரில் போனால் மலிவு, தரையில் போனால் செலவு. அட்லாண்டிக் கரையில் இருக்கும் பெரிய துறைமுகங்களில் நாட்டின் உட்பகுதிக்கு மிக அருகில் இருப்பது இதுதான். கப்பல் எத்தனை மைல் உள்ளே வருகிறதோ, ரயிலுக்கும் லாரிக்கும் அத்தனை மைல் மிச்சம்.

தொடக்கம் புகையிலை. 1706இல் லோகஸ்ட் பாயிண்ட் என்ற முனையை மேரிலாந்து சட்டசபை புகையிலை வணிகத்துக்கான துறையாக அறிவித்தது. ஊர் பிறந்ததே அதற்குப் பிறகு, 1729இல். அப்புறம் கோதுமை. ஓடைகளில் ஆலை வைத்து மாவு அரைத்துக் கரீபியன் தீவுகளுக்கு அனுப்பினார்கள். இன்னர் ஹார்பருக்குக் கிழக்கே ஃபெல்ஸ் பாயிண்ட் என்று ஒரு பழைய பகுதி, கருங்கல் பாவிய தெருக்கள். அங்கே கட்டிய வேகமான பாய்மரக் கப்பல்கள் 1812 போரில் பிரிட்டிஷ் வணிகக் கப்பல்களை மடக்கிப் பிடித்துப் படாத பாடு படுத்தின. அந்தக் கோபத்தில்தான் 1814 செப்டம்பரில் பிரிட்டிஷ் கடற்படை ஊரை அடிக்க வந்தது.

அதே ஃபெல்ஸ் பாயிண்டில்தான், பின்னாளில் அடிமை ஒழிப்புக்குப் போராடிய ஃபிரெடரிக் டக்ளஸ் அடிமையாக இருந்தபடி கப்பல் பலகைகளின் இடுக்கு அடைக்கும் வேலை செய்தார். நம்மூர்த் தோணி கட்டுகிறவர்கள் பஞ்சு திணித்து அடைப்பார்களே, அதே வேலைதான். 1838இல் மாலுமி வேஷம் போட்டுக்கொண்டு இங்கிருந்து ரயிலேறித் தப்பினார். இன்னர் ஹார்பரை ஒட்டிப் போகும் பிராட் தெருவில் அந்தக் காலத்தில் அடிமை வியாபாரிகளின் பட்டிகள் இருந்தன. ஆட்களை அடைத்து வைத்திருந்து, கப்பலில் ஏற்றி நியூ ஆர்லியன்ஸுக்கு விற்றார்கள். ராத்திரியில் சங்கிலிக் கால்கள் நடந்து போகும் சத்தத்தைச் சிறுவனாகக் கேட்டதை டக்ளஸ் பின்னால் சொல்லியிருக்கிறார். மகள் காட்டிய ஐஸ்கிரீம் கூட்டத்துக்கு நடுவே நிற்கும்போது எனக்கு இது நினைவுக்கு வராமல் போனதில்லை.

ரயில் கதை தனி. 1825இல் ஈரி கால்வாய் திறந்ததும் உள்நாட்டுச் சரக்கெல்லாம் நியூயார்க்குக்குத் திரும்பியது. பால்டிமோர் வியாபாரிகள் பயந்துபோய் 1827இல் பால்டிமோர் அண்ட் ஒஹாயோ ரயில் கம்பெனியைத் தொடங்கினார்கள். அந்த ரயிலில் பெரிய பங்கு வைத்திருந்த வியாபாரி ஒருவர் சாகும்போது 70 லட்சம் டாலரைப் பல்கலைக்கழகத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் எழுதி வைத்தார். அவர் பெயர் ஜான்ஸ் ஹாப்கின்ஸ். உங்கள் மகள் வேலை பார்க்கும் இடத்தின் அஸ்திவாரத்திலேயே சரக்குக் காசு கிடக்கிறது அண்ணாச்சி. இன்று இந்த ஊரில் அதிகம் பேருக்குச் சம்பளம் தருவது துறைமுகம் இல்லை, ஹாப்கின்ஸ்தான்.

1904இல் நகரின் நடுப்பகுதியில் தீப்பிடித்து 1,500க்கும் மேற்பட்ட கட்டிடங்கள் போயின. பக்கத்து ஊர்களிலிருந்து தீயணைப்பு வண்டிகள் ரயிலில் வந்து இறங்கின. வந்து என்ன செய்ய? அவர்கள் குழாயின் மரை பால்டிமோர்க் குழாயில் ஏறவில்லை. நாடு முழுக்க ஒரே அளவு வேண்டும் என்ற பேச்சு வலுத்தது அதற்குப் பிறகுதான். எஞ்சின் ரூம் ஆளுக்கு இதைக் கேட்டால் வயிறு எரியும்.

இனி எஃகு. நான் குடியிருக்கும் டண்டாக்கிற்குக் கிழக்கே ஸ்பாரோஸ் பாயிண்ட் என்ற முனை இருக்கிறது. 1887இல் அங்கே எஃகு ஆலை வந்தது, 1916இல் பெத்லஹேம் ஸ்டீல் வாங்கியது. 1950களின் கடைசியில் உலகத்திலேயே பெரிய எஃகு ஆலை அது. 30,000 பேருக்கு மேல் வேலை. என் பக்கத்து வீட்டுக்காரர் அங்கே வேலை பார்த்தவர், எண்பது தாண்டிவிட்டார். காலையில் கார் மேல், கொடியில் காயும் துணி மேல் எல்லாம் சிவப்புத் தூசி படிந்திருக்குமாம். "யாரும் முகம் சுளிக்கமாட்டோம். தூசி வருகிறதா, வெள்ளிக்கிழமை சம்பளமும் வரும்" என்பார். 2001இல் கம்பெனி திவால். அதற்குப் பிறகு கை மாறி மாறி 2012இல் உலை நின்றது. இப்போது அங்கே பெரிய பெரிய கிடங்குகள், கார் இறக்கும் துறை. ஆன்லைனில் வாங்கும் பொருட்கள் அங்கிருந்துதான் போகின்றன. வேலை இருக்கிறது, ஆனால் பழைய சம்பளம் இல்லை என்று அதே பெரியவர் சொல்வார். 1950இல் ஊரின் ஜனத்தொகை ஒன்பதரை லட்சம். 2020 கணக்கெடுப்பில் ஆறு லட்சத்துக்கும் கீழே. சில தெருக்களில் வரிசையாக வீடுகளின் ஜன்னலுக்குப் பலகை அடித்திருப்பதைப் பார்ப்பீர்கள். அந்த ஆட்கள் எங்கே போனார்கள் என்பதற்கு ஆலை மட்டும் காரணம் இல்லை, ஆனால் ஆலையும் காரணம்.

சரி, துறைமுகம். கப்பல்கள் பெரிதாக ஆக, கண்டெய்னர் வர, இன்னர் ஹார்பரில் ஆழமும் இல்லை, கண்டெய்னர் அடுக்க இடமும் இல்லை. தொழில் படாப்ஸ்கோ ஆற்றில் கீழே இறங்கிப் போய்விட்டது. காலியான கரையை 1980 வாக்கில் கடைகளும் மீன் காட்சியகமுமாக மாற்றினார்கள். இப்போது வேலை நடப்பது சீகர்ட், டண்டாக், ஃபேர்ஃபீல்ட், கர்ட்டிஸ் பே பக்கம். சீகர்ட்டில் 50 அடி ஆழம், கண்டெய்னர். டண்டாக்கிலும் ஃபேர்ஃபீல்டிலும் கார், டிராக்டர், மண் அள்ளும் இயந்திரங்கள். பாலம் விழுவதற்கு முந்தைய 2023இல் மட்டும் 8,47,000 கார்களும் சிறு லாரிகளும் இந்தத் துறைமுகம் வழியாகப் போயின. அதுவரை அமெரிக்காவில் கார் விஷயத்தில் பல வருடமாக முதலிடம். காரணம் மறுபடியும் அந்த 150 மைல்தான்.

டெர்மினலுக்குள் உங்களை விடமாட்டார்கள், அடையாள அட்டை இல்லாமல் கேட் தாண்ட முடியாது. நீங்கள் போய் நிற்க வேண்டிய இடம் மெக்ஹென்றி கோட்டை. 1814இல் 25 மணி நேரம் குண்டு மழை பொழிந்தும் விழாத கோட்டை. அமெரிக்க தேசிய கீதம் பிறந்ததும் அதைப் பார்த்துத்தான். கோட்டைக்குள் போகத்தான் டிக்கெட். வெளியே புல்வெளியும், தண்ணீர் ஓரமாகச் சுற்றிவரும் சுவரும் இலவசம். சமதளம், உட்கார பெஞ்ச் உண்டு, உங்கள் முழங்காலுக்கு ஒத்துவரும். அங்கே உட்கார்ந்தால் இடது கைப் பக்கம் தண்ணீருக்கு அந்தப்புறம் சீகர்ட் கிரேன்கள். வலது பக்கம் ஃபேர்ஃபீல்ட், ஜன்னலே இல்லாத பெட்டி மாதிரி நிற்கும் கார்க் கப்பல்கள். நேர் எதிரே ஆறு விரிந்து போகும் திசையில்தான், டாலி இடித்த கீ பாலம் தெரிந்துகொண்டிருந்தது. காலுக்குக் கீழே, தண்ணீருக்கு அடியில், எட்டு வழி நெடுஞ்சாலைச் சுரங்கம். எண்ணுவதற்கு நிறைய இருக்கிறது, பென்சில் கொண்டு வாருங்கள்.

இன்னொன்று, இது என் சொந்தப் பைத்தியம். ஜான் டபிள்யூ. பிரவுன் என்று ஒரு கப்பல். இரண்டாம் உலகப் போரில் அவசர அவசரமாகக் கட்டிய 2,700க்கும் மேற்பட்ட லிபர்ட்டி கப்பல்களில் ஒன்று. 1942இல் இதே ஊரில் கட்டியது. ட்ரிபிள் எக்ஸ்பான்ஷன் நீராவி எஞ்சின், இன்றைக்கும் ஓடுகிற நிலையில் இருக்கிறது. தொண்டர்கள் எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்திருக்கிறார்கள். எந்த பெர்த்தில் நிற்கிறது, எந்த நாளில் உள்ளே விடுகிறார்கள் என்று முதலில் விசாரித்துக்கொண்டு போங்கள். இறங்கும் ஏணி செங்குத்து. நீங்கள் டெக்கோடு நின்றுவிடுங்கள், எஞ்சினை நான் வீடியோ எடுத்துக் காட்டுகிறேன்.

எலிகாட்சிட்டி அம்மா:

கரையேறியவன் தம்பி எழுதினால் ஊரே துருப்பிடித்த மாதிரி இருக்கும். ஐயா, வீட்டம்மாவும் வருகிறார்கள் என்கிறீர்கள். அவர்களை நாள் முழுக்கக் கிரேன் பார்க்க வைத்துவிடாதீர்கள்.

இன்னர் ஹார்பரை அவ்வளவு ஒதுக்க வேண்டாம். ஹார்பர்பிளேஸ் கடைகள் களையிழந்து போனது உண்மைதான். ஆனால் நீங்கள் வீடியோவில் பார்த்த பாய்மரக் கப்பல் கான்ஸ்டலேஷன், 1854இல் கட்டியது. அமெரிக்கக் கடற்படை கடைசியாகக் கட்டிய முழுப் பாய்மரப் போர்க்கப்பல். பக்கத்திலேயே 1855இல் கட்டிய சிவப்புக் கலங்கரை விளக்கம், உருண்டையாகக் கூடாரம் போல் இருக்கும். ஜோன்ஸ் ஃபால்ஸ் ஓடை வந்து கலக்கும் இடத்தில் மிஸ்டர் ட்ராஷ் வீல் என்று ஓர் இயந்திரம், இரண்டு பெரிய உருட்டுக் கண்கள் ஒட்டி வைத்திருக்கிறார்கள். ஓடையின் ஓட்டத்திலும் சூரிய சக்தியிலும் சக்கரம் சுற்றி, மிதந்து வரும் குப்பையை வாயில் அள்ளிப் போட்டுக்கொள்ளும். 2014இலிருந்து இதே வேலை. எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு மீன் காட்சியகத்தை விட இதுதான் பிடிக்கும், காசும் இல்லை. நம்மூர் வாய்க்கால் ஒவ்வொன்றுக்கும் ஒன்று வேண்டும்.

கீ ஹைவேயில் தொழில் அருங்காட்சியகம் இருக்கிறது. 1865இல் சிப்பியை டப்பாவில் அடைத்த கட்டிடம். ஐயாவுக்கு அது கோட்டையை விடப் பிடிக்கும் என்று நினைக்கிறேன். அங்கிருந்து பார்த்தால் டாமினோ சர்க்கரை ஆலை தெரியும். 1922இலிருந்து அங்கேயே நிற்கிறது. கச்சாச் சர்க்கரைக் கப்பல் ஆலை வாசலிலேயே வந்து கட்டும். ராத்திரி அதன் சிவப்புப் பெயர்ப் பலகை தண்ணீரில் விழுவதைப் பார்க்கத் தனியாக வருகிறவர்கள் உண்டு. மசாலாக் கம்பெனி மெக்கார்மிக் 1889இல் இந்த ஊரில் தொடங்கியதுதான். லைட் தெருவில் அவர்கள் ஆலை இருந்த காலத்தில் ஹார்பர் முழுக்கப் பட்டையும் மிளகும் மணக்குமாம். 1989இல் அதை இடித்துவிட்டார்கள். நான் வருவதற்கு முன்பே மணம் போய்விட்டது.

சாப்பாடு: நீல நண்டு. ஆவியில் வேகவைத்து, மேலே ஓல்ட் பே மசாலாவைக் கொட்டி, மேசையில் பழுப்புக் காகிதம் விரித்து அப்படியே கவிழ்ப்பார்கள். சின்ன மரச் சுத்தியல் தருவார்கள். அந்த மசாலாவைச் செய்தவர் நாஜி ஜெர்மனியிலிருந்து தப்பி வந்த யூத வியாபாரி. தூத்துக்குடிக்காரர்களுக்குக் காரம் போதாது, கைப்பையில் மிளகாய்ப்பொடி வைத்துக்கொள்ளுங்கள். "லேக் ட்ரவுட்" என்று கடைப்பலகையில் பார்த்தால் ஏமாறாதீர்கள். அது ஏரி மீனும் இல்லை, ட்ரவுட்டும் இல்லை, கடல் மீனைப் பொரித்தது. ஆனால் நன்றாக இருக்கும்.

கோட்டைக்கு டவுனிலிருந்து சர்க்குலேட்டர் என்ற இலவச பஸ் உண்டு, பேனர் ரூட் என்று கேளுங்கள். பயமா என்று எல்லோரும் கேட்பார்கள். பகலில், நான் சொன்ன இடங்களில், ஒன்றும் இல்லை. தெரியாத தெருவில் குறுக்கு வழி தேட வேண்டாம், இருட்டினால் வீட்டுக்கு. காரில் பையை வெளியே தெரிய வைக்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை லான்ஹாம் சிவா விஷ்ணு கோயிலுக்கு வந்தால் அங்கே எங்களைப் பார்க்கலாம். காரில் முக்கால் மணி நேரம்.

முத்துநகரான்:

தம்பிக்கும் அம்மாவுக்கும் ரொம்ப நன்றி. வீட்டம்மா படித்துவிட்டு, கண் ஒட்டிய குப்பை இயந்திரத்தை முதல் நாளே பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டாள்.

தம்பி, இரண்டு விஷயம் விட்டுவிட்டீர்கள். நிலக்கரி ஏற்ற வந்தேன் என்றீர்களே, அது எங்கே போகிறது? நான் ஆயுசு முழுக்க நிலக்கரி இறங்குவதைத்தான் பார்த்திருக்கிறேன். ஏறுவதைப் பார்த்ததில்லை. அப்புறம் அந்த டாலி. எஞ்சின் தெரிந்தவர் வாயால் கேட்க வேண்டும்.

கரையேறியவன்:

நிலக்கரி அப்பலாச்சியன் மலைகளிலிருந்து ரயிலில் வருகிறது. நீளமான ரயில், பெட்டிகளை எண்ணத் தொடங்கினால் உங்களுக்கே சலித்துவிடும். அமெரிக்காவில் நிலக்கரி ஏற்றுமதியில் நார்ஃபோக் பகுதிக்கு அடுத்தது இந்தத் துறைமுகம்தான். 2023இல் நாட்டின் ஏற்றுமதியில் கால் பங்குக்கும் மேல் இங்கிருந்து போனது. எரிக்கும் நிலக்கரியில் பெரும்பங்கு எங்கே போகிறது தெரியுமா? நம் நாட்டுக்கு. வடக்கே செங்கல் சூளைகளில் எரிக்க நல்ல சூடு தருகிறது என்று வாங்குகிறார்கள். பெனின்சில்வேனியா மலையைத் தோண்டி, இங்கே ஏற்றி, பாதி உலகம் சுற்றிச் செங்கல் சுடுகிறோம். கப்பலில் இருந்தபோது கர்ட்டிஸ் பேயில் இரண்டு நாள் நின்றோம். அறையின் ஏசி வாயில் துணி கட்டியும் தலையணை கறுத்துவிட்டது. நாங்கள் இரண்டு நாளில் போய்விட்டோம். அங்கே குடியிருக்கிறவர்கள் ஜன்னலில் படியும் தூசியைப் பற்றி இன்னும் புகார் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

இனி டாலி. 2024 மார்ச் 26, நடுராத்திரி ஒன்றரைக்குக் கொஞ்சம் முன்னால். முந்நூறு மீட்டர் நீளக் கப்பல், 4,600 கண்டெய்னருக்கு மேல். இழுவைப் படகுகள் விட்டுப் போன பிறகு, பாலத்துக்கு மூன்று கப்பல் நீளம் இருக்கும்போது மின்சாரம் போனது. மறுபடி வந்தது. மறுபடி போனது. முதல் இருட்டுக்கும் மோதலுக்கும் நடுவே சுமார் நான்கு நிமிடம்.

எஞ்சின் ரூமில் பிளாக் அவுட் ஆனால் முதலில் வருவது நிசப்தம் அண்ணாச்சி. அந்தச் சத்தத்திலேயே வாழ்ந்தவனுக்கு அது நின்றால் வயிற்றைக் கலக்கும். பிறகு அலாரம், டார்ச், யாரோ மாடிப்படியில் ஓடும் சத்தம். எனக்கு இரண்டு தடவை நடந்திருக்கிறது, இரண்டும் நடுக்கடலில். ஆறு நிமிடம், எட்டு நிமிடம் எடுத்து ஜெனரேட்டரைக் கிளப்பினோம், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதனால் அந்த நான்கு நிமிடத்தைப் பற்றித் தொலைக்காட்சியில் சாவகாசமாகப் பேசியவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல்.

விசாரணை முடிந்து 2025 நவம்பரில் காரணம் சொன்னார்கள். ஓர் ஒயரின் நுனியில் பெயர் எழுதிய பட்டை மாட்டியிருந்தது. அது தடுத்ததால் ஒயர் டெர்மினலுக்குள் முழுசாகப் போய் உட்காரவில்லை. நாளடைவில் தளர்ந்து விட்டுப்போனது, பிரேக்கர் திறந்துகொண்டது, மொத்தக் கப்பலும் இருட்டு. அதைப் படித்த மறுநாள் நான் பார்க்கும் ஜெனரேட்டர் பேனல்களில் ஒவ்வோர் ஒயராக இழுத்துப் பார்த்தேன். இன்றும் செய்கிறேன்.

பைலட் ரேடியோவில் எச்சரித்ததும் பாலத்தின் இரு முனையிலும் போலீஸ் போக்குவரத்தை நிறுத்திவிட்டது. ஆனால் பாலத்தின் மேலேயே குழி அடைத்துக்கொண்டிருந்த ராத்திரி ஷிஃப்ட் ஆட்களுக்குச் செய்தி போய்ச் சேரவில்லை. ஆறு பேர் போனார்கள். மெக்சிகோ, குவாத்தமாலா, எல் சால்வடார், ஹோண்டுராஸ் நாடுகளிலிருந்து பிழைக்க வந்தவர்கள்.

கப்பலில் இருந்த 21 மாலுமிகளில் இருபது பேர் நம் நாட்டவர், ஒருவர் இலங்கை. பாலத்தின் இரும்பு முகப்பில் விழுந்து கிடக்க, வாரக்கணக்கில் அதிலேயே இருந்தார்கள். மே மாதம் அந்த இரும்பை வெடிவைத்து அறுத்தபோதும் உள்ளேதான் இருந்தார்கள். விசாரணைக்காக அவர்கள் போனையும் வாங்கிக்கொண்டார்கள். மாலுமிகளைக் கவனிக்கும் மையம் மூலமாக நான் நான்கு பாட்டில் எலுமிச்சை ஊறுகாய் கொடுத்தனுப்பினேன். போய்ச் சேர்ந்ததா என்று தெரியாது.

தொழில் போய்விட்டதா என்று கேட்டீர்கள். கப்பல் போகும் வாய்க்கால் முழுவதும் திறக்க ஜூன் 10 ஆனது, இரண்டரை மாதம். அதுவரை சில கார்க் கப்பல்கள் எங்கே போயின தெரியுமா? செத்துப்போன எஃகு ஆலை இருந்த ஸ்பாரோஸ் பாயிண்ட். அது பாலத்துக்குக் கடல் பக்கம் இருந்ததால் தப்பித்தது. இப்போது கப்பல்கள் வழக்கம்போல வருகின்றன. லாரிக்காரர்களுக்குத்தான் கஷ்டம். அபாயச் சரக்கு ஏற்றிய லாரிகளைச் சுரங்கத்துக்குள் விடமாட்டார்கள், ஊரையே சுற்றிப் போக வேண்டும். புதுப் பாலம் 2030 கடைசியில் என்கிறார்கள், செலவு 400 கோடி டாலரைத் தாண்டும்.

ஒரு வேடிக்கை. 1814இல் பிரிட்டிஷ் கப்பல்கள் உள்ளே வரக்கூடாது என்று ஊர்க்காரர்கள் தங்கள் கப்பல்களையே மூழ்கடித்து வழியை அடைத்தார்கள். தேசிய கீதம் எழுதிய ஃபிரான்சிஸ் ஸ்காட் கீ அன்று ஆற்றில் நின்று பார்த்த இடம் என்று சிவப்பு, வெள்ளை, நீலம் பூசிய மிதவை ஒன்றை வருடாவருடம் போடுவார்கள். அவர் பெயரில்தான் பாலம். மிதவை போடும் இடம் அந்தப் பாலத்துக்குப் பக்கத்திலேயே.

ஜிந்துப்பிட்டியான்:

டாலி வர வேண்டியது எங்கள் கொழும்புக்கு. அதை இங்கே யாரும் சொல்லவில்லையே என்றுதான் எழுதுகிறேன். செங்கடலில் பிரச்சினை இருந்த நேரம், நன்னம்பிக்கை முனையைச் சுற்றிவர இருந்தது. நான் அப்போது துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கிளியரிங் அலுவலகத்தில் வேலை. காலையில் கடைக்குத் தேத்தண்ணி குடிக்கப் போனால் எல்லார் போனிலும் அந்தப் பாலம் விழுகிற வீடியோ. பிறகு அதில் 56 கண்டெய்னரில் அபாயகரமான பொருட்கள் இருந்தன என்று செய்தி வந்ததும் பாராளுமன்றம் வரை சத்தம் போனது. கொழும்பில் இறங்குவதில் முக்கால்வாசி மறுபடி வேறு கப்பலில் ஏறி இந்தியாவுக்கும் வேறு இடங்களுக்கும் போகிறவைதான், எங்களுக்கு எண்ணிக்கை மட்டும். முத்துநகரான் ஐயாவுக்கு அது விளங்கும்.

முத்துநகரான்:

விளங்குகிறது தம்பி. உங்கள் ஊரில் மாறி எங்கள் பெர்த்துக்கு வந்த பெட்டிகளை எத்தனை எண்ணியிருப்பேன்! அந்த எண்ணோடு வராத பெட்டிகளும் இருக்கும் என்று நினைத்ததே இல்லை.

ஏப்ரல் 27 வந்து இறங்குகிறோம். கரையேறியவன் தம்பி, உங்களுக்கு வசதிப்பட்ட ஒரு நாள் கோட்டை பெஞ்சுக்கு வந்தால் நன்றாக இருக்கும். வீட்டம்மாவும் மகளும் அந்த நேரம் நண்டு சாப்பிடப் போகட்டும். மக்ரூன் கொண்டு வருகிறேன், கால் கிலோ போதுமா?

கரையேறியவன்:

சனிக்கிழமை காலை வாருங்கள், கார்க் கப்பல் ஏதாவது நிற்கும். மக்ரூன் கால் கிலோவா? பக்கத்து வீட்டுப் பெரியவரையும் கூட்டி வருகிறேன் அண்ணாச்சி, ஒரு கிலோவாகக் கொண்டு வாருங்கள்.